பி.இ. சிவில் ஸ்ட்ரக்சுரல்: தேர்வு நாளுக்கு என்னென்ன தயார் பண்ணணும்?

டெக்சாஸ்தூண்:

வணக்கம். அமெரிக்காவுல என்.சி.இ.இ.எஸ். அமைப்பு நடத்துற பி.இ. சிவில் (ப்ரொஃபெஷனல் இன்ஜினியர் லைசென்ஸ் தேர்வு, நம்ம ஊர் பி.இ. டிகிரி இல்ல), ஸ்ட்ரக்சுரல் பிரிவு எழுதப்போறேன். இன்னும் மூணு வாரம் இருக்கு. பியர்சன் வியூங்கிற கம்பெனியோட கம்ப்யூட்டர் தேர்வு சென்டர், காலை 8 மணி ஸ்லாட். பாடத்தைப் பத்தி இங்க கேக்கல, அதுக்குத் தனித் திரி இருக்கு. அந்த ஒரு நாள் எப்படிப் போகும்னு தெரிஞ்சா போதும்.

நாலு குழப்பம். முதல்ல ஐ.டி.: பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, முழுப் பேரும் கிவன் நேம்லதான். டிரைவிங் லைசென்ஸ்ல முதல் பேர் எஃப்.என்.யூ.ன்னு இருக்கு. என்.சி.இ.இ.எஸ். கணக்குல என் பேரை முதல் பேராவும் அப்பா பேரைக் கடைசிப் பேராவும் பிரிச்சுப் போட்டுட்டேன். ரெண்டாவது, காலேஜ்ல வாங்கின காசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் இன்னும் ஓடுது, அது போதுமா? மூணாவது, கோடு (கட்டுமான விதிமுறை) புத்தகமெல்லாம் ஸ்கிரீன்லயே தருவாங்கன்னு தெரியும், அதுல தேடுறது எப்படின்னு தெரியல. நாலாவது, பிரேக்கும் சாப்பாடும்.

---

மதுரைக்காரி:

பேர் விஷயத்தை முதல்ல முடிங்க. மத்ததெல்லாம் முந்தின நாள் ராத்திரிகூட சரிபண்ணிக்கலாம், இதை முடியாது. சென்டர்ல உக்காந்திருக்கறவங்க பியர்சன் வியூ ஆளுங்க. உங்க கணக்குல பேரை மாத்துற அதிகாரம் அவங்ககிட்ட இல்ல. கணக்குல இருக்கிற முதல் பேர், கடைசிப் பேர் ரெண்டும் நீங்க காட்டுற ஐ.டி.யோட பொருந்தணும். பொருந்தலைன்னா வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க, கட்டின பணமும் போச்சு.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது ஏன் வருதுன்னா, நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா, அமெரிக்க விசா அச்சடிக்கும்போது கிவன் நேம் முழுசையும் சர்நேம் கட்டத்துல தள்ளிட்டு, முதல் பேர் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு போட்டுடுது. முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். அதுவே லைசென்ஸுக்கும் போகுது. டிகிரியில இனிஷியல், பாஸ்போர்ட்ல விரிவு, லைசென்ஸ்ல எஃப்.என்.யூ., ஒரே ஆளுக்கு மூணு பேர். படிப்பை மதிப்பீடு பண்ண அனுப்பின காகிதத்துல வேற பேர் இருந்தா நாலு.

செய்ய வேண்டியது இதுதான். அன்னிக்கு எந்த ஐ.டி.யைக் காட்டப்போறீங்கன்னு இன்னிக்கே ஒண்ணை முடிவு பண்ணுங்க. அதை ஸ்கேன் பண்ணி, "இந்த ஐ.டி.யைத்தான் கொண்டுவரப்போறேன், என் கணக்குல பேர் இப்படி இருக்கு, இது போதுமா, இல்ல மாத்தணுமா"ன்னு என்.சி.இ.இ.எஸ்.க்கே எழுதிக் கேளுங்க. போன்ல கேட்டா பதில் காத்துல போயிடும். எழுத்துல வாங்குங்க. ரெண்டு வாரமாவது கையில இருக்கணும்.

ஐ.டி.யில போட்டோ, பிறந்த தேதி, கையெழுத்து மூணும் இருக்கணும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. சில கிரீன் கார்டுல கையெழுத்து இடத்துல "சிக்னேச்சர் வெய்வ்டு"ன்னு அச்சாகியிருக்கும். அதை மட்டும் நம்பிப் போகாதீங்க. போன்ல இருக்கிற லைசென்ஸ் படம், புதுப்பிக்கக் குடுத்தப்போ வாங்கின காகிதம், இதெல்லாம் வேலைக்கு ஆகாது.

இன்னொண்ணு. எச்-1பி மாதிரி விசாவுல இருக்கிறவங்களுக்கு லைசென்ஸ் முடியற தேதி, தங்குறதுக்கு அனுமதிச்ச தேதியோட ஒட்டித்தான் வரும். எக்ஸ்டென்ஷன் போட்டு காத்திருக்கிற சமயத்துல லைசென்ஸ் சத்தமில்லாம காலாவதி ஆயிடும். அட்டையை எடுத்து ஒரு தடவை தேதியைப் பாருங்க.

---

பழைய_கிப்:

கால்குலேட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்றேன் தம்பி.

விதி ரொம்ப எளிது. காசியோவாக இருந்தால் மாடல் பெயரில் எஃப்எக்ஸ்-115 அல்லது எஃப்எக்ஸ்-991 என்று இருக்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்றால் டிஐ-30எக்ஸ் அல்லது டிஐ-36எக்ஸ். எச்.பி. என்றால் 33எஸ், 35எஸ் மட்டும். ஆகவே உங்கள் 991எம்எஸ் செல்லும். 991இஎஸ், 991இஎக்ஸ் இரண்டும் செல்லும். நம் கல்லூரிகளில் புழங்கும் எஃப்எக்ஸ்-100எம்எஸ், எஃப்எக்ஸ்-570 வகைகள் செல்லாது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், பெயரை மட்டும்தான் பார்ப்பார்கள்.

மூன்று வாரம் இருக்கையில் புதிதாக ஒன்றை வாங்கிப் பழகாதீர்கள். விரல் பழகிய இயந்திரமே வேகம். வேண்டுமானால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி லாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். 991எம்எஸ் சூரிய ஒளியிலும் ஓடும், உள்ளே எல்ஆர்44 பட்டன் செல்லும் இருக்கும். கல்லூரிக் காலத்து செல் செத்துப்போயிருந்தால் நல்ல வெளிச்சத்தில் தெரியாது. உங்கள் கை நிழல் பலகை மேல் விழுந்தால் இலக்கம் மங்கும். இந்த வாரமே புது செல் போடுங்கள். செல் மாற்றியதும் நினைவகம் அழியும், கோண அலகும் மாறியிருக்கலாம். சைன் 30 போட்டு 0.5 வருகிறதா பாருங்கள். மைனஸ் 0.988 வந்தால் ரேடியனில் நிற்கிறது.

மேலே சறுக்கும் பிளாஸ்டிக் மூடியை லாக்கரிலேயே விட்டுவிடுங்கள். உறையோடு உள்ளே விடமாட்டார்கள்.

இப்போது கால்குலேட்டரே சமன்பாட்டைத் தீர்த்துத் தரும் சால்வ் வசதி. ஸ்ட்ரக்சுரலில் இதைப் பயன்படுத்தாதவர் நேரத்தை வீணடிக்கிறார், தப்பாகப் பயன்படுத்துகிறவர் மதிப்பெண்ணையே விடுகிறார். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். உத்தரத்தின் அகலம் 12 அங்குலம், பயனுறு ஆழம் 21.5 அங்குலம், கான்கிரீட் பலம் 4 கே.எஸ்.ஐ. (ஆயிரம் பவுண்டு/சதுர அங்குலம்), கம்பி 60 கே.எஸ்.ஐ., காரணிப்படுத்திய வளைவுத் திருப்புமை 150 கிப்-அடி (ஒரு கிப் என்பது ஆயிரம் பவுண்டு). கம்பிப் பரப்பு எவ்வளவு?

150 கிப்-அடி என்பது 1800 கிப்-அங்குலம். கம்பிப் பரப்பை எக்ஸ் என்று வைத்தால்:

0.9 × 60 × எக்ஸ் × (21.5 − 60 × எக்ஸ் ÷ (1.7 × 4 × 12)) = 1800

இதை அப்படியே தட்டி சால்வ் கொடுத்தால், எக்ஸுக்குத் தொடக்க மதிப்பு கேட்கும். 1 என்று கொடுங்கள். 1.64 சதுர அங்குலம் வரும். 8ஆம் எண் கம்பி இரண்டு போட்டால் 1.58, போதாது. 7ஆம் எண் மூன்று போட்டால் 1.80, போதும். தொடக்க மதிப்பு கொடுக்காமல் அவசரத்தில் சமன் பட்டனை அழுத்திவிட்டால், முந்தைய கணக்கில் எக்ஸில் தங்கிய எண்ணிலிருந்து தேடத் தொடங்கும். அது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், விடை 27.6 என்று வரும். அதுவும் அந்த இருபடிச் சமன்பாட்டின் மூலம்தான், கணக்குப்படி சரி. 12 அங்குல உத்தரத்தில் 27 சதுர அங்குலக் கம்பி என்று கண்ணில் பட்டால் சிரித்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஆறு மணி நேரம் கழிந்த களைப்பில் கண்ணில் படாது. அதனால் ஒவ்வொரு முறையும் தொடக்க மதிப்பு கொடுப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள்.

அலகு பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் கான்கிரீட் கோடான ஐ.எஸ். 456 படித்து வந்தவர்களுக்கு வர்க்கமூலம் என்றால் நியூட்டன்/சதுர மில்லிமீட்டர். அமெரிக்கக் கான்கிரீட் கோடான ஏ.சி.ஐ.யில் வர்க்கமூலத்துக்குள் போவது பி.எஸ்.ஐ. (பவுண்டு/சதுர அங்குலம்) மட்டுமே. மேலே சொன்ன அதே உத்தரத்துக்கு, குறைந்தபட்ச ஸ்டிரப் இருக்கிறது, சாதாரண எடைக் கான்கிரீட் என்றால், கான்கிரீட் தாங்கும் வெட்டு விசை 2 × √4000 × 12 × 21.5, அதாவது சுமார் 32,600 பவுண்டு, 32.6 கிப். √4 போட்டால் 1032 வரும். அதை ஆயிரத்தால் வகுத்து 1.03 கிப் என்று எழுதிப் பார்த்துக் குழம்புவார்கள். தப்பான அலகில் வரும் விடைக்கும் பக்கத்திலேயே ஒரு தேர்வு வைத்திருப்பார்கள். அதுதான் இந்தத் தேர்வின் குணம்.

---

டெக்சாஸ்தூண்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். என்.சி.இ.இ.எஸ்.க்கு இன்னிக்கே எழுதுறேன். செல் மாத்திட்டேன், அப்புறம் ரேடியன்லதான் நின்னுது!

கோடு தேடுறதைப் பத்தி யாராவது சொல்லுங்க. வீட்ல பி.டி.எஃப்.ல தேடித்தான் பழகியிருக்கேன்.

---

நெடுஞ்சாலை44:

வீட்டுல முழு ஏ.சி.ஐ.யும் ஒரே பி.டி.எஃப்.பா இருக்கும். ஒரு வார்த்தை தட்டினா புத்தகம் பூரா தேடித் தரும். தேர்வுல அது கிடையாது. அங்க ஒவ்வொரு கோடும் அத்தியாயம் அத்தியாயமா தனித்தனி ஃபைல். ஒரு நேரத்துல ஒரு அத்தியாயத்தைத்தான் திறக்க முடியும், தேடுறதும் அந்த ஒரு அத்தியாயத்துக்குள்ளதான். எந்த அத்தியாயம்னு தெரியலைன்னா தேடல் பெட்டி இருந்தும் பிரயோஜனம் இல்ல. இதை முன்னாடியே தெரிஞ்சுக்காம போறவங்கதான் முதல் மணி நேரத்துல கலங்கிப் போறாங்க.

அதனால இனி மூணு வாரத்துல படிக்க வேண்டியது பொருளடக்கம்தான். வேடிக்கையா சொல்லல.

ஏ.சி.ஐ. 318ல உத்தரம்னா 9, தூண் 10, சுவர் 11, அடித்தளம் 13. ஆனா 9ஐத் திறந்தா அங்க பலத்துக்கான சமன்பாடு இருக்காது, 22க்குப் போன்னு சொல்லும். குறைப்புக் காரணி 21ல, கம்பி விவரம் 25ல, கம்பி மேல் மூட வேண்டிய கான்கிரீட் கனம் 20ல. ஒரே உத்தரத்துக்கு நாலு தடவை ஃபைல் மூடித் திறக்கணும். இதைக் குறைக்க ஒரே வழி, அடிக்கடி வர்ற எண்களை மனப்பாடமா வெச்சுக்கறது: குறைப்புக் காரணி இழுவை ஆதிக்க வளைவுக்கு 0.90, வெட்டுக்கு 0.75, டை போட்ட தூணுக்கு 0.65, ஸ்பைரலுக்கு 0.75. மண்ணை ஒட்டி நேரா வார்த்த கான்கிரீட்டுக்கு 3 அங்குல மூடல், வெளியில படாத உத்தரத்துக்கு ஒன்றரை அங்குலம். கம்பிப் பரப்பு: 4ஆம் எண் 0.20, 5க்கு 0.31, 6க்கு 0.44, 7க்கு 0.60, 8க்கு 0.79, 9க்கு 1.00. இதுக்கெல்லாம் ஃபைல் திறக்காதீங்க.

சுமைகளுக்கான கோடு ஏ.எஸ்.சி.இ. 7. அதுல காத்துச் சுமைதான் தலைவலி. வேகம், எக்ஸ்போஷர், திசைக் காரணி, திசைவேக அழுத்தம் எல்லாம் 26ல. முக்கியச் சட்டகத்துக்கு வெளி அழுத்தக் கெழு 27ல அல்லது 28ல. உறைப் பலகை, பர்லின் மாதிரி உறுப்புக்கு 30. ஒரே கணக்குக்கு 26லருந்து 27க்குப் போகணும், போனதும் 26 மூடிடும். மூடறதுக்கு முன்னாடி திசைவேக அழுத்தத்தைப் போட்டு முடிச்சு, எண்ணைக் கையேட்டுல எழுதிடுங்க. அட்டவணை மதிப்பை மட்டும் எழுதிட்டுப் போனா, காரணி ஒண்ணு விட்டுப்போய் திரும்பி வரவேண்டியிருக்கும். பனி 7, நிலநடுக்கம் 11, 12, சுமைச் சேர்க்கை 2, லைவ் லோடு 4.

எஃகுக்கான ஏ.ஐ.எஸ்.சி.யில பகுதி 1 அளவுகள், 3 உத்தரம், 4 தூண், 7 போல்ட், 8 வெல்டு, 16 விதிமுறை. விதிமுறைக்குள்ள போறதுக்கு முன்னாடி அட்டவணையில விடை நேரா இருக்கான்னு பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ஏ.எஸ்.டி., எல்.ஆர்.எஃப்.டி.ன்னு ரெண்டு வடிவமைப்பு முறைக்கும் தனித்தனி பத்தி இருக்கும். கேள்வியில எதைச் சொல்லியிருக்காங்கன்னு பார்த்துட்டு அட்டவணைக்குப் போங்க, அட்டவணையைப் பார்த்துட்டுக் கேள்விக்கு வராதீங்க.

பதிப்பு முக்கியம். என்.சி.இ.இ.எஸ். தன்னோட பக்கத்துல எந்தக் கோடு எந்தப் பதிப்புன்னு பட்டியல் போட்டிருக்கு. விடை அந்தப் பதிப்புப்படிதான். உங்க ஆபீஸ்ல புழங்குறது வேறயா இருக்கலாம். ஏ.சி.ஐ. 318 புத்தகமே 2014 பதிப்புல அத்தியாய வரிசை முழுசா மாறிப்போச்சு. அதுக்கு முந்தின பதிப்புல படிச்ச நோட்ஸ் யாராவது குடுத்தா வாங்காதீங்க.

---

மதுரைக்காரி:

நெடுஞ்சாலை சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. தேடல் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். நாம காலேஜ்ல பேசின சொல் அமெரிக்கக் கோடுல இருக்காது. "லேப் லெங்த்"துன்னு தேடினா வெறுமையா நிக்கும், "ஸ்ப்லைஸ்"னு போடணும். "ராஃப்ட்" இல்ல, "மேட்". சீரா பரவின சுமையை நாம சொல்ற "யு.டி.எல்." அவங்களுக்குத் தெரியாது, "யூனிஃபார்ம்"னு தேடுங்க. நாம ஷியர் வால்னு சொல்றதை ஏ.சி.ஐ. "ஸ்ட்ரக்சுரல் வால்"னு சொல்லும். "சென்டர்" கடைசியில ஆர்.இ. போட்டா கிடைக்காது, இ.ஆர். போடணும். ரெண்டு சொல் சேந்த தொடரா தேடாம, அரிதான ஒரே சொல்லா தேடுங்க. வேர்ச்சொல்லை மட்டும் போட்டா பன்மை, ஒருமை ரெண்டும் மாட்டும். கிரேக்க எழுத்தும் சமன்பாடும் தேடல்ல சிக்காது.

பி.இ. சிவில் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக்கை உங்க என்.சி.இ.இ.எஸ். கணக்குலருந்தே இலவசமா இறக்கிக்கலாம். இனிமே பயிற்சிக் கணக்கு போடும்போது அச்சுப் பிரதியைத் தொடாதீங்க. ஸ்கிரீன்லயே பாருங்க. கோடு பி.டி.எஃப்.பை அத்தியாயமா வெட்டி வெச்சுக்கிட்டு, ஒண்ணை மூடிட்டுத்தான் இன்னொண்ணுன்னு உங்களுக்கே விதி போட்டுக்கோங்க. அங்க 24 அங்குல மானிட்டர், கேள்வி ஒரு பக்கம், ஹேண்ட்புக் ஒரு பக்கம்னு வெச்சுக்கலாம். லேப்டாப் சின்ன ஸ்கிரீன்ல பழகினவங்களுக்கு அது சௌகரியமாவே இருக்கும்.

---

பழைய_கிப்:

நேரக் கணக்கு. மொத்தம் ஒன்பது மணி நேரம்: ஒப்பந்தம் ஏற்க 2 நிமிடம், பயிற்சித் திரை 8 நிமிடம், தேர்வு 8 மணி நேரம், இடைவேளை 50 நிமிடம். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்துக்கு எழுந்திருக்கலாம். 80 கேள்வி, சராசரி ஆறு நிமிடம்.

முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனி நேரம் கிடையாது. எட்டு மணி நேரமும் ஒரே கடிகாரம். முதல் பாதியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த நாற்பது கேள்விக்கு மூன்று மணி நேரம்தான். முதல் பாதியைச் சமர்ப்பித்த பிறகு அதற்குத் திரும்பவும் முடியாது. ஆகவே திரைக் கடிகாரத்தில் மிச்ச நேரம் 4:00 என்று வரும்போது சமர்ப்பிக்க வேண்டும். 3:50 வரை பரவாயில்லை. அதற்குக் கீழே போகாதீர்கள்.

முதல் சுற்றில் நான்கு நிமிடத்தில் முடிகிறதை மட்டும் போடுங்கள். கோடு தேட வேண்டியது, படம் பெரியது, வாசிக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது, எல்லாவற்றையும் கொடி போட்டு (பிறகு பார்க்க அடையாளமிட்டு) நகருங்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. சமர்ப்பிக்கும் முன் பட்டியல் திரையில் விடை இல்லாத கேள்வி ஒன்றுகூட நிற்கக் கூடாது.

எல்லாம் நான்கில் ஒன்று வகைக் கேள்வி அல்ல. "பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு" வரும், இழுத்து வைப்பது வரும், படத்தில் இடத்தைச் சொடுக்குவது வரும், எண்ணைத் தட்டுவது வரும். எண் தட்டும் கேள்வியில் எந்த அலகு, எத்தனை இலக்கம் என்று கேள்வியிலேயே இருக்கும். கிப்பில் கேட்டதற்குப் பவுண்டில் தட்டினால் கணக்கு சரியாக இருந்தும் பூஜ்யம்.

---

நெடுஞ்சாலை44:

சார், கோடு கேள்வியை எல்லாம் கொடி போட்டு நகரச் சொன்னீங்க, அதுல பாதிதான் ஒத்துக்குவேன். வெறும் கொடி போட்டா, ரெண்டாவது சுற்றுல ஏ.எஸ்.சி.இ. 26, அப்புறம் ஏ.சி.ஐ. 25, திரும்ப ஏ.எஸ்.சி.இ. 26ன்னு தாவிக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு தாவலுக்கும் ஃபைல் திறந்து, இடம் கண்டுபிடிச்சு, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் போகும். பத்து தாவல்ல ரெண்டு கேள்விக்கான நேரம் காலி.

தேர்வு ஆரம்பிச்சதும் கையேட்டோட முதல் பக்கத்தை அஞ்சு பத்தியா பிரிச்சுக்கோங்க: ஏ.எஸ்.சி.இ., ஏ.சி.ஐ., ஏ.ஐ.எஸ்.சி., மரம், ஆஷ்டோ (பாலத்துக்கான கோடு). முதல் சுற்றுல தள்ளிவைக்கிற கேள்வி எண்ணை அந்தந்தப் பத்தியில எழுதிக்கிட்டே வாங்க, பக்கத்துல அத்தியாய எண்ணையும் போடுங்க. ரெண்டாவது சுற்றுல பத்தி பத்தியா போங்க. 26ஐ ஒரு தடவை திறந்தா அதுல இருக்கிற மூணு கேள்வியையும் முடிச்சுட்டு மூடலாம். ரெண்டாம் பாதிக்குப் புதுசா பத்தி போட்டுக்கணும், பழைய பக்கத்தைத் தொடாதீங்க, எண் குழம்பும்.

பாலத்துக் கேள்வியில சில எண் மனசுல இருந்தா ஆஷ்டோவைத் திறக்கவே வேண்டாம்: ஸ்ட்ரெங்த் ஒண்ணுங்கிற சுமைச் சேர்க்கையில நிலைச் சுமைக்கு 1.25, தேய்மானப் பரப்புக்கு 1.50, வண்டிச் சுமைக்கு 1.75, அதிர்வுக்கு 33 சதவீதம் கூட்டணும். அந்த 33 டிரக்குக்குத்தான், லேன் சுமைக்குக் கிடையாது. அங்கதான் வழுக்குவாங்க.

---

பழைய_கிப்:

பத்தி போடுகிற யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த அத்தியாயம் என்று பார்த்தவுடன் தெரிகிறவருக்குத்தான் அது உதவும். தெரியாவிட்டால் எண்ணை எழுதவே நேரம் போகும். நீங்கள் மேலே சொன்ன பொருளடக்கப் பாடம்தான் இதற்கும் அஸ்திவாரம்.

---

டெக்சாஸ்தூண்:

கையேடுன்னு சொல்றது பேப்பரா? பென்சில் கொண்டுபோகலாமா?

---

மதுரைக்காரி:

பேப்பரும் கிடையாது, பென்சிலும் கிடையாது. லேமினேட் பண்ணின, திரும்பத் திரும்பப் பயன்படுத்துற கையேடும் ஒரு மார்க்கரும் அவங்களே குடுப்பாங்க. மார்க்கர் மூடியைத் திறந்து வெச்சா சீக்கிரம் காஞ்சுடும். எழுதி முடிச்சதும் மூடுற பழக்கம் வேணும். காஞ்சாலோ பக்கம் தீர்ந்தாலோ கையைத் தூக்குங்க, வேற குடுப்பாங்க. ஆனா ஆள் வர்றதுக்கு நேரம் ஆகும், கடிகாரம் நிக்காது. கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருக்காம, ரெண்டு பக்கம் மிச்சம் இருக்கும்போதே கேளுங்க. இடது கையால எழுதுறவங்க கை பட்டு மை இழுபடும், பக்கத்தைக் கொஞ்சம் சாய்ச்சு எழுதிப் பழகுங்க. வீட்டுல ஒயிட்போர்டு மார்க்கரும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் வெச்சு ரெண்டு நாள் கணக்கு போட்டுப் பாத்தாலே உங்க எழுத்து எவ்வளவு பெருசாகுதுன்னு புரியும்.

அரை மணி நேரம் முன்னாடி அங்க இருங்க. உள்ளங்கை நரம்பு ஸ்கேன், போட்டோ, கையெழுத்து. பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டச் சொல்வாங்க, கண்ணாடியைக் கழட்டி வாங்கிப் பாப்பாங்க. பாக்கெட் கம்மியா இருக்கிற துணி போடுங்க. வாட்ச், பர்ஸ், போன் எல்லாம் லாக்கருக்கு. பெரிய நகை, அகலமான கிளிப் வீட்டுலயே இருக்கட்டும். தண்ணி பாட்டிலும் உள்ள கிடையாது. லேசான ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. டெக்சாஸ்ல வெளிய எவ்வளவு வெயில் இருந்தாலும் உள்ள ஏ.சி. குளிரும்.

அதே ரூம்ல வேற வேற தேர்வு எழுதுறவங்க இருப்பாங்க. சிலருக்குக் கட்டுரை, அதனால கீபோர்டு சத்தம் விடாம கேக்கும். பஞ்சு இயர்பிளக் கொண்டுபோகலாம், கயிறு இல்லாததா, கவரைப் பிரிச்சுக் காட்டணும்.

---

நெடுஞ்சாலை44:

பிரேக் 50 நிமிஷத்துல வெளிய வர்றதும், திரும்பி வந்து ஸ்கேன் பண்ணி உக்கார்றதும் அடங்கும். முன்னாடி யாராவது வரிசையில நின்னா அதுவும் உங்க கணக்குலதான். 50ஐத் தாண்டினா மிச்சத்தைத் தேர்வு நேரத்துலருந்து கழிப்பாங்க. சீக்கிரம் வந்தா மிச்சம் உங்களுக்குச் சேராது. அதனால 35ஆவது நிமிஷம் வாசல்ல நிக்கிற மாதிரி வெச்சுக்கோங்க. நடுவுல பாத்ரூம் போக எப்ப வேணா போகலாம், கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், திரும்ப ஸ்கேன். முதல் பாதியில ஒரு தடவை, ரெண்டாம் பாதியில ஒரு தடவைன்னு பத்து நிமிஷம் கணக்குல வெச்சுக்கோங்க. காலையில காபியை அதுக்குத் தகுந்த மாதிரி.

சாப்பாடு கையோட கொண்டுபோங்க. கடை தேடிப் போகாதீங்க, மதிய நேரத்துல டிரைவ்-த்ரூ வரிசை உங்களுக்காக நகராது. தயிர் சாதம் கட்டினா கார்ல வைக்காதீங்க. டெக்சாஸ் வெயில்ல மூடின கார்ல நாலு மணி நேரம் இருந்தா புளிச்சுப்போகும். ஐஸ் பாக்கெட் போட்ட சின்னப் பையில லாக்கர்ல வைங்க. லாக்கர் சின்னது, அடுக்கு டிபன் கேரியர் நுழையாது. இட்லி மிளகாய்ப்பொடி, வாழைப்பழம் மாதிரி கனமில்லாம இருந்தா நல்லது. முழு வயிறு சோறு சாப்பிட்டுட்டு வந்து ரெண்டு மணிக்கு வெல்டு கணக்கு போட முடியாது.

பிரேக்ல போனைத் தொடாதீங்க. முதல் பாதிக் கேள்வியை எங்கயும் தேடிப் பாக்காதீங்க. அதைத் திருத்தவும் முடியாது, மனசு மட்டும் கெடும்.

---

பழைய_கிப்:

கணினி நடுவில் நின்றுவிட்டால் பதறாமல் கையைத் தூக்குங்கள். எத்தனை மணிக்கு நின்றது, திரையில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது, இரண்டையும் உடனே கையேட்டில் எழுதுங்கள். மீண்டும் வந்ததும் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் போயிருந்தால் கிளம்பும் முன் அங்கேயே புகாராகப் பதியச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, அன்றே என்.சி.இ.இ.எஸ்.க்கும் எழுதுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

முடிவு வழக்கமாக 7 முதல் 10 நாளில் மின்னஞ்சலில் வரும். தேறினால் தேறினார் என்று மட்டும் இருக்கும், மதிப்பெண் கிடையாது. தேறாவிட்டால் பகுதிவாரியாக ஒரு அறிக்கை வரும். மூன்று மாதக் காலாண்டுக்கு ஒரு முறை, பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறைதான் எழுதலாம். அதனால் உடம்பு சரியில்லாமல் போய் உட்காராதீர்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே தேதியை மாற்றிவிடலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

---

டெக்சாஸ்தூண்:

அக்கா, லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். தேர்வுக்கு நாலு நாள் முன்னாடி காலாவதி ஆகுது. எக்ஸ்டென்ஷன் இன்னும் வரல. பாஸ்போர்ட்தான் இனி. ஆனா நேத்தே லைசென்ஸ் ஸ்கேனை அனுப்பி, எஃப்.என்.யூ. மாதிரியே கணக்குல பேரை மாத்தச் சொல்லிட்டேனே.

---

மதுரைக்காரி:

அதே மெயிலுக்குப் பதிலா உடனே எழுதுங்க: "மாத்த வேண்டாம், லைசென்ஸ் காலாவதி ஆகுது, பாஸ்போர்ட்டைக் கொண்டுவரப்போறேன்"னு சொல்லி, பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கத்தை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. சர்நேம் கட்டம் காலின்னு தனி வரியில குறிப்பிடுங்க, ஸ்கேன்ல அவங்க கவனிக்காம விடலாம். முதல் வேண்டுகோள்படி இதுக்குள்ள மாத்தியிருந்தா கணக்குல எஃப்.என்.யூ. நிக்கும், பாஸ்போர்ட்ல அது எங்கயும் இல்ல. பதில் வந்ததும் கணக்குக்குள்ள போய்ப் பேர் எப்படி இருக்குன்னு உங்க கண்ணால பாருங்க. பியர்சன் வியூ அனுப்பின உறுதிக் கடிதத்துல பழைய பேரே இருந்தா, அதையும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்க.